ஐந்து கத்திரிக்காய், ஆறு வாரம்

நாற்றம் என் பையிலிருந்துதான் வருகிறது அக்கா. நீங்க மூக்கைப் பொத்திக்கொண்டு முன்சீட்டுப் பெரியவரை முறைக்கிறீங்க, அவர் பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என் மடியில் இருக்கிற இந்த டிபன் டப்பாதான். கருவாடு இல்லை, செத்த எலியும் இல்லை. கத்திரிக்காய். ஐந்து கத்திரிக்காய், பறித்து மூன்று வாரம் ஆகிறது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுங்க, காற்று வந்தால் தெரியாது.

தூக்கி எறிய வேண்டியதுதானே என்று கேட்பீங்க. எறியலாம். எறிந்தால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும்.

இந்தப் பலகை முழங்காலில் இடிக்கிறதா? இப்படித் திருப்பிக்கொள்கிறேன். கேரம் போர்டு இல்லை அக்கா, ட்ராயிங் போர்டு. நான் டவுனில் ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். ஆமாம், இந்த வயதில்தான். இருபத்தாறு. நாலு வயதில் பெண் இருக்கிறாள், கனிஷ்கா என்று பெயர். சிரிக்கிறதென்றால் நன்றாகவே சிரியுங்க, எங்கள் தெருவே சிரித்து முடித்துவிட்டது.

எங்க வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது நான். அச்சு வைத்து இல்லை, கையாலேயே. ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஹெட்மாஸ்டர், இந்தக் கைக்கு ஒரு டிப்ளமோ இருந்தால் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர் ஆகிவிடலாமே அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றடித்துக்கொண்டு அவர் போய்விட்டார். வினை என் வீட்டில் தங்கிவிட்டது.

என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்டிஷன் போட்டார்கள். "ஒரு செமஸ்டர் புள்ளையப் பாத்துக்கறேன். தேறினா மேல போ. தேறலைன்னா அந்தப் பலகை மேல அரிவாமணையைப் போட்டு காய் நறுக்கு." கல்லூரியிலும் அதே சட்டம்தான். முதல் செமஸ்டரில் ஸ்டூடியோ வகுப்பு தேறவில்லை என்றால் இரண்டாவதுக்கு ஏற்ற மாட்டார்கள். இன்றைக்குத்தான் அது தெரியும். இந்த டப்பாவைத் திறந்து காட்டினதும் தெரியும்.

ஸ்டூடியோ என்றால் போட்டோ ஸ்டூடியோ என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். அது ஒரு நீள ஹால். மேலே ஓடு, தரையெல்லாம் கரித்தூள். குதிரை மேல் ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார ஒரு பெஞ்சு, அதற்குப் பெயர் டாங்கி. கழுதையாம். சேலை கட்டினவள் கழுதை மேல் எப்படிக் கால் போடுவது? ஆறு மாதமும் ஒரு பக்கமாக உட்கார்ந்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். அப்புறம் அந்தப் பிள்ளைகள். பதினேழு பேர், எல்லாம் பதினெட்டு வயது. கரிக்கோட்டை அழிக்க என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ரொட்டி. கடையில் விற்கிற ரொட்டி. அதைப் பிய்த்து உருட்டி அழித்துவிட்டு, கறுப்பானதும் கீழே போட்டு மிதிப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்ததுமே இதுகளுக்கும் எனக்கும் ஒட்டாது என்று தெரிந்துவிட்டது.

வாய்க்கு வாய் அக்கா என்பார்கள். அக்கா, கொஞ்சம் தண்ணி. அக்கா, பென்சில் சீவிக் கொடுங்க. அக்கா, ஊக்கு இருக்கா. எல்லாம் செய்து கொடுப்பேன். ஆனால் கேன்டீனுக்குப் போகும்போது பதினேழு பேருக்கும் என்னைக் கண் தெரியாது.

அவர்களில் ஒருத்தி மட்டும் அக்கா என்று சொல்ல மாட்டாள். ரெனிட்டா. ஹாஸ்டல் பெண். ஆம்பளைப் பிள்ளை மாதிரி கிராப்பு, காதில் எப்போதும் ஒயர். அதிகம் பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். நாம் திரும்பினால் கண்ணை எடுத்துக்கொள்வாள். முதல் வாரம் என்னிடம் வந்து, "சத்யகலா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் அக்கா, என்னைவிட எட்டு வயது சின்னவள். கூடப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. அன்றைக்கே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன், இவள் ஒரு மாதிரி என்று.

சார் கதைக்கு வருகிறேன். கருணாமூர்த்தி சார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. இரண்டு இருந்தும் என்ன பிரயோஜனம் என்று போகப் போகச் சொல்கிறேன். கடைசிப் பரீட்சைக்கு அவர் கொடுத்தது என்னவென்றால், ஹால் நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் ஒரு நீலத் துணி, ஒரு பித்தளைக் குடம், ஒரு பரங்கிப் பத்தை, ஐந்து கத்திரிக்காய். ஆறு செவ்வாய்க்கிழமை இதையே வரையணும், வாரத்துக்கு ஒரு தாள். அதை அவர் விளக்கிச் சொன்ன நாளில் கனிஷ்காவுக்கு வயிற்றுப்போக்கு, நான் போய்ச் சேரும்போது பாதி முடிந்துவிட்டது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: ஆறு வாரம், ஒரே பொருள். மேஜை ஓரத்தில் 'தொடக் கூடாது' என்று ஒரு அட்டை.

எனக்கு இந்த பஸ்ஸை விட்டால் ஒன்பதரைக்குத்தான் அடுத்தது. அதனால் தினமும் எட்டரைக்கே போய்விடுவேன். வாட்ச்மேன் கதவைத் திறந்து விடுவார். சும்மா உட்கார முடியுமா? துடைப்பத்தை எடுத்து ஹாலைக் கூட்டுவேன். இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டே வந்து மேஜையைப் பார்க்கிறேன், பரங்கிப் பத்தையில் பூஞ்சை. கத்திரிக்காய் சொங்கிப்போய் வீச்சம். கொசு மாதிரி குட்டி ஈ. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வாரம் ஒரே பொருளை வரையணும் என்றால் அது ஒரே பொருளாக இருக்க வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. போன வாரம் பளபளவென்று இருந்தது, இந்த வாரம் இப்படி இருந்தால் பிள்ளைகள் எதைப் பார்த்து வரையும்?

அன்றைக்கு என் பையில் எங்கள் கொல்லைக் கத்திரிக்காய் இருந்தது, வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுக்கக் கொண்டுபோனது. பழசை எடுத்துப் பின்னால் மேய்கிற ஆட்டுக்குப் போட்டேன். புதுசை அதே இடத்தில், அதே சாய்மானத்தில் வைத்தேன். பரங்கிப் பத்தைக்கு அன்றைக்குப் பூஞ்சையை மட்டும் சீவிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய் தவறாமல் ஐந்து காய், ஒரு பத்தை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டினால் அது செய்ததாகுமா?

தொடக் கூடாது என்று அட்டை இருந்ததே என்கிறீங்களா? அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அக்கா. கூட்டுகிறவளுக்குமா?

நான் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆறு தாளும். அடுத்தவர் இலையை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரே ஒரு தடவை பக்கத்துப் பையன் தாள் கண்ணில் பட்டது. கத்திரிக்காய் சுருங்கி, கிழட்டுப் பாகற்காய் மாதிரி கிடந்தது. பாவம், இவனுக்கு வரைய வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் போன வருஷத்துப் பிள்ளைகள் வரைந்ததை ஒட்டி வைத்திருப்பார்கள், அதுவும் அப்படித்தான் இருக்கும். இந்தக் காலேஜில் யாருக்குமே கத்திரிக்காய் வராது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மதிப்பெண் போடுகிற நாள் வந்தது. எல்லார் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். ஒருத்தருக்கு ஆறு, ஒன்றன் கீழ் ஒன்று. நடுவில் நடந்துகொண்டே பார்க்கிறார். ஒவ்வொருத்தர் தாளிலும் முதல் வாரம் புதுசு, இரண்டாவது வாரம் தளர்ச்சி, மூன்றாவது வாரம் சுருக்கம், ஆறாவது வாரம் ஒரேயடியாக அழுகல். சார் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. ரெனிட்டா தாளுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றார். வாடுவதை என்னமாய்க் கவனித்திருக்கிறாள், இந்த வகுப்பிலேயே முதல் மார்க் இதற்குத்தான் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாடுவதா? எங்கே வாடியது?

என் தாளுக்கு வந்தார். நின்றார். நெற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா இது? முதல் வாரம் ஒண்ணு வரைஞ்சுட்டு அஞ்சு காப்பி எடுத்திருக்கியா?"

"பாத்ததைத்தான் சார் வரைஞ்சேன்."

"பாத்தியா? அங்க ஆறு வாரமா வாடி அழுகிக் கிடக்குது, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கையை நீட்டி மேஜையைக் காட்டினார் அக்கா. காட்டினாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை மேல் அன்று காலையில் நான் பறித்துக்கொண்டு போன ஐந்து காயும், முள்ளோடு, மினுமினுவென்று உட்கார்ந்திருக்கிறது. பதினேழு பிள்ளைகளும் தரையைப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் தொடக் கூடாததைத் தொட்டது நான்தான் என்று ஆகிவிடும். கையெழுத்து அழகா இருந்தாப் போதாதும்மா, கண்ணு வேணும் என்று சொல்லிக்கொண்டே ரெஜிஸ்டரைத் திறந்தார். என் பெயருக்கு நேராக 'ரிப்பீட்' என்று எழுதுகிறார். எனக்கு அரிவாமணைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது அந்த ரெனிட்டா காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"சார், அது காப்பி இல்ல. ஒவ்வொரு தாள்லயும் வேற வேற காய்."

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் வைக்கிறாள். முதல் வாரம் ஐந்தும் உருண்டை. மூன்றாவது வாரம் ஒன்றில் காம்பு முறிந்திருக்கிறது. நாலாவது வாரம் ஒன்று வளைந்தது, அதன் வயிற்றில் வெள்ளைக் கோடு. ஐந்தாவது வாரம் ஒன்று ரெட்டைக்காய். நான் வரைந்ததுதான், ஆனால் எனக்கே அது வேற வேற என்று அதுவரை தோன்றவில்லை. இருந்ததை வரைந்தேன், அவ்வளவுதான். இவள் என் தாளை அவ்வளவு நேரம் எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. அடுத்தவர் தாளில் அவளுக்கு என்ன வேலை?

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க சார்" என்றாள். "டேபிள்ல இருக்கிறது இன்னைக்குப் பறிச்சது."

சார் திரும்பினார். போய் ஒரு காயை எடுத்து அமுக்கினார். அது கடினமாக இருந்தது. அப்புறம் மெதுவாக, "அப்ப நீங்க எல்லாரும் எதைப் பாத்து வரைஞ்சீங்க?" என்று கேட்டார். ஒரு பையன் மட்டும் முனகினான், வராந்தாவில் ஒட்டியிருப்பதை போனில் எடுத்து வைத்திருந்தோம், காய் புதுசாக இருப்பது தெரியும், ஆனால் சார் எதிர்பார்ப்பது வாடினதைத்தானே என்று.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. யார் மாற்றி வைத்தது என்று சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இந்தப் பெண் தன் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். போட்டுக்கொடுத்துவிட்டாள் அக்கா, பக்கம் பக்கமாக.

அந்த நோட்டு முழுக்க நான். மூன்றாவது வாரத்திலிருந்து பின்பக்க ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். கூட்டுகிறேன். பழசை ஆட்டுக்குப் போடுகிறேன். குனிந்து துணியை உதறுகிறேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடியில் காயைக் கொட்டி வைத்திருக்கிறேன். ஒரு காயில் புழு ஓட்டை, அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி வைக்கிறேன், விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி. அதையும் வரைந்திருக்கிறாள். நாலு வாரமாக எனக்குத் தெரியாமல் என்னை வேவு பார்த்திருக்கிறாள் பாருங்க.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் எது தெரியுமா? கடைசிப் படத்தில் என் முதுகு. ஜாக்கெட்டில் தோள்பட்டைக்குக் கீழே தையல் விட்டிருக்கிறது, ஒரு விரற்கடை. அதையும் விடாமல், நூல் தொங்குவது உட்பட வரைந்து வைத்திருக்கிறாள். அன்றைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தைத்திருப்பேன் இல்லையா? அக்கா அக்கா என்று சுற்றினதே பதினாறு உருப்படி, அதுகளும் சொல்லவில்லை. அதுகள் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு.

சார் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டார். "எல்லாருக்கும் ரிப்பீட்" என்றார். ரெஜிஸ்டரை மூடிக்கொண்டே, "எனக்கும் சேத்துதான்" என்றார். அவருக்கு என்ன ரிப்பீட்? சம்பளத்தையா பிடிக்கப் போகிறார்கள்? சும்மா ஒரு பேச்சு. லீவில் ஐந்து காயை வீட்டில் வைத்து, வாட விட்டு, ஆறு தாள் வரைந்துகொண்டு வரணும், காயையும் கூடக் கொண்டு வரணும், காய் இல்லாமல் வந்தால் தாளைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் மேஜை மேலிருந்த காயை எடுத்துக் கொடுத்து, "இதையே கொண்டு போம்மா. இந்தத் தடவை ஆட்டுக்குப் போடாதே" என்றார்.

பதினாறு பேரும் அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தினதுதான். லீவு போச்சு என்று கோபம். ரெனிட்டாவுக்கும் முதல் மார்க் போச்சு. நன்றாக வேணும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு முதல் மார்க்கோடு ஊருக்குப் போயிருப்பாள். யார் அவளைக் கேட்டது?

வீட்டில் இந்தக் காயோடு நான் பட்ட பாடு தனிக்கதை. அடுப்படி ஜன்னல் மேடையில் வைத்தேன். மாமியார் இரண்டு தடவை குப்பையில் கொட்ட, இரண்டு தடவை பொறுக்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் கனிஷ்கா காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். பாட்டி கிட்டே வந்தால், "தொடக் கூடாது" என்பாள்.

இதில் பார்க்க என்னதான் இருக்கிறது, நீங்களே சொல்லுங்க. வாடினால் வாடினதுதான். மூன்றாம் நாள் மினுமினுப்புப் போகிறது, எல்லா இடத்திலும் இல்லை, ஜன்னல் பக்கம் முதலில். காம்பைச் சுற்றி இருக்கிற பச்சைத் தொப்பி காய்ந்து காதைத் தூக்கிக்கொள்கிறது. தோல் துணி துவைத்த விரல் மாதிரி ஆகிறது. ஊதா கறுத்து, காப்பிப்பொடி நிறத்துக்கு வந்து, வெயில் படும்போது மட்டும் ஓரத்தில் செம்புக் கம்பி இழுத்த மாதிரி ஒரு கோடு தெரியும். பத்தாம் நாள் ஒன்று சாய்ந்து பக்கத்துக் காய் மேல் படுத்துக்கொண்டது. அது படுத்ததும் மற்ற நாலும் இடம் விட்ட மாதிரி இருக்கும், உண்மையில் நகரவே இல்லை. இவ்வளவுதான். வேற ஒன்றும் இல்லை. இதற்காகப் போய் ஒரு மனுஷர் ரெஜிஸ்டரில் எழுதுகிறார்.

தாளா? ஆறு கேட்டார். பதினாலு இருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

பலகைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருப்பது தாள் இல்லை. அது கனிஷ்காவுடைய மழைக்கோட்டு. உள்ளே அந்த முதுகுப் படம் இருக்கிறது. லீவு விட்ட அன்று ரெனிட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்து, நோட்டிலிருந்து கிழித்து, "இது உங்களோடது சத்யகலா" என்று கையில் திணித்துவிட்டு ஓடிப்போனாள். இன்றைக்கு அவள் மூஞ்சியிலேயே திருப்பி வீசலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு வருகிறேன். மழைக்கோட்டு ஏன் என்கிறீங்களா? டப்பா ஒழுகுகிறதே அக்கா. கறை பட்டால் அதற்கு வேற ஒரு பேச்சு பேசுவாள். எங்க வீட்டுக்காரர் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையில் மாட்டினால் டயர்க் கரி படியும்.

அதோ, காலேஜ் காம்பவுண்டு தெரிகிறது. நான் இறங்கணும். இன்னும் எட்டரைகூட ஆகவில்லை. இந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க, மூடியை அழுத்திப் பிடிங்க. பதினாலு தாளையும் பார்த்துவிட்டு அந்த இரண்டு கண்ணாடிக்காரர் என்ன எழுதுகிறாரோ, எழுதட்டும். முதலில் ஹாலைக் கூட்டணும். மூன்று வாரத் தூசி கிடக்கும்.

அக்கா, ஒரே ஒரு உதவி. இப்படித் திரும்பிக்கொள்கிறேன், என் முதுகைக் கொஞ்சம் பாருங்க. தோள்பட்டைக்குக் கீழே. நேற்றுத்தான் ரெட்டைத் தையல் போட்டேன். நூல் எதுவும் தொங்கவில்லையே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அந்த ஜன்னலுக்கு வெளியே அவள் இப்போதே வந்து உட்கார்ந்திருப்பாள்.